அலமாரியில் மூன்று கேம் ஷாஃப்ட்டுகள்

என் கராஜின் மர அலமாரியில், எண்ணெய் ஊறிய பழைய வேட்டித் துணியில் சுற்றி, மூன்று கேம் ஷாஃப்ட்டுகளை வைத்திருக்கிறேன். எஞ்சினின் வால்வுகள் எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் சுழல் தண்டு அது; சுருக்கமாகக் கேம். மூன்றும், கார்ட் என்ற தாழ்வான சிறு பந்தய வண்டியின் ஒரே எஞ்சினுக்குள் வெவ்வேறு காலத்தில் சுழன்றவை. முதலாவது, எஞ்சினோடு பெட்டியில் வந்தது. இரண்டாவது, ஆசைப்பட்டு வாங்கியது. மூன்றாவது, மலிவாக முடிகிறதே என்று பழையதைத் தீட்டி வாங்கி வருந்தியது. இப்போது எஞ்சினுக்குள் இருப்பது நான்காவது. எதையும் தூக்கி எறிய மனம் வராத குணம் எனக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேம் தேர்வு பற்றி நான் அறிந்ததில் பெரும்பகுதி, இவற்றை மாட்டி ஓட்டியபோது அல்ல, கழற்றி மேசைமேல் வைத்து அளந்தபோதுதான் கிடைத்தது என்பதால் இவை எனக்குப் பாடநூல்கள்போல.

நான் வசிப்பது அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட் நகரத்துக்கு வெளியே. நாஸ்கார் கார் பந்தய அணிகளின் பட்டறைகள் நிறைந்த வட்டாரம் இது. எனவே எஞ்சின் பேச்சு இங்கே ஊர்ப்பேச்சு. வார இறுதிகளில் இரண்டு வகையான தடங்களில் கார்ட் பந்தயம் நடக்கும். ஒன்று, ஐந்தில் ஒரு மைல், அதாவது ஏறத்தாழ 320 மீட்டர் சுற்றளவுள்ள மண் நீள்வட்டம்; அங்கே திருப்பமெல்லாம் இடப்பக்கம்தான். மற்றொன்று, தார் போட்டு வலமும் இடமுமாக நெளிந்து செல்லும் ஸ்பிரிண்ட் தடம். அதில் கார்ட்டைக் கிட்டத்தட்ட நிறுத்தித் திருப்ப வேண்டிய கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இந்த வேறுபாட்டை நான் உரிய மதிப்போடு எண்ணிப் பார்க்காததால்தான் இரண்டாவது கேம் இன்று அலமாரியில் இருக்கிறது.

கார்ட்டின் வரலாற்றில் கேம் என்ற பேச்சு முதலில் எழவே இல்லை. 1956இல் கலிஃபோர்னியாவின் கிளெண்டேலில் ஆர்ட் இங்கல்ஸ் முதல் கார்ட்டைக் கட்டியபோது அதில் வைத்தது வெஸ்ட் பெண்ட் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அத்தகைய எஞ்சினில் காற்று நுழையும், புகை வெளியேறும் துளைகளைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனே என்பதால் கேமுக்கு வேலையில்லை. இன்றும் வேகமான கார்ட்டுகளில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக்தான். ஃபோர் ஸ்ட்ரோக் கார்ட் என்பது புல்வெட்டும் இயந்திரத்தின் வழி வந்த ஏழை உறவு. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் ஐந்து குதிரைத்திறன் எஞ்சின் பல்லாண்டுகள் அமெரிக்கச் சிறுதடங்களை ஆண்டது. பிறகு ஹோண்டாவின் ஜி.எக்ஸ். வரிசையும், அதை அச்சாகப் பார்த்துச் சீனாவில் செய்யப்பட்ட, இங்குள்ளோர் ‘குளோன்’ என்றே அழைக்கும் எஞ்சின்களும் வந்தன. என்னுடையது அந்தக் குளோன் ஒன்று. சிலிண்டரின் விட்டமான போர் 68 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 54 மி.மீ., கொள்ளளவு 196 சி.சி.; ஹோண்டா ஜி.எக்ஸ்.200இன் அதே அளவுகள்.

இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட் சிலிண்டருக்குக் கீழே, கிராங்க் கேஸுக்குள் இருக்கிறது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கின் பற்சக்கரம், கேமின் பற்சக்கரத்தைப் பாதி வேகத்தில் சுழற்றும். கேமின் மேடான பகுதியான லோப், தட்டையான அடியுள்ள டேப்பெட் என்ற சிறு உருளையைத் தள்ளும். டேப்பெட் புஷ் ராடு என்ற கம்பியையும், புஷ் ராடு ராக்கர் என்ற நெம்புகோலையும், ராக்கர் வால்வையும் தள்ளும். லோப்பில் செதுக்கப்பட்ட வடிவம் வால்வைச் சென்று சேர்வதற்குள் இத்தனை கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் வளைவு, கொஞ்சம் இடைவெளி, கொஞ்சம் தேய்மானம். அட்டையில் அச்சிட்ட எண்ணை வாங்கி வந்து மாட்டிவிட்டால் வால்வும் அதையே செய்யும் என்று நம்புவது, கல்யாண வீட்டுச் செய்தி நாலு வாய் கடந்தும் மாறாமல் வந்து சேரும் என்று நம்புவதைப் போன்றது.

பெட்டியோடு வந்த முதல் கேமை யாரும் மதிப்பதில்லை; எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஜி.எக்ஸ்.200 தண்ணீர் பம்பையும் ஜெனரேட்டரையும் கான்கிரீட் கலவை இயந்திரத்தையும் ஓட்டுவதற்காகப் பிறந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதை நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்கு மேல் அதிகம் போக விடாது. 3,600இல் ஐந்தரைக் குதிரைத்திறன் தரும். கயிற்றை இழுத்தவுடன் கிளம்ப வேண்டும், நாள் முழுக்க ஒரே சீராக ஓட வேண்டும், பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்ற மூன்று கட்டளைகளுக்கு ஏற்ப அதன் லோப்புகள் தாழ்வாகவும் சாய்வு மென்மையாகவும் இருக்கின்றன. என் எஞ்சினின் கேமில் வால்வு லிஃப்ட், அதாவது வால்வு உயரும் தூரம், ஏறத்தாழ 5.7 மி.மீ. மேலும், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுக்கான லோப்பின் பக்கத்தில் எடை வைத்த ஒரு சிறு நெம்புகோல் உண்டு. எஞ்சின் நிற்கும்போது அது லோப்பின் மேடில்லாத பகுதியான அடிவட்டத்துக்கு மேலே சற்றே துருத்திக்கொண்டு, கயிறு இழுக்கையில் எக்ஸாஸ்ட் வால்வைத் துளி திறந்து, அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியேற்றிவிடும். எஞ்சின் கிளம்பியதும் மையவிலக்கு விசையால் எடை விலகி, துருத்தல் உள்ளே போய்விடும். இதை அறியாமல் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து எக்ஸாஸ்ட் லோப்பை அளந்த முதல் நாளில், லோப்பில் ஏதோ பழுது என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

கேமைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் கேட்பது லிஃப்ட் எவ்வளவு என்பதையே. எண் பெரிதாக இருப்பதால் அதில் ஒரு கவர்ச்சி. எனக்கு இப்போது முதலில் தெரிய வேண்டியது வேறொன்று: காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு எப்போது மூடுகிறது என்பது.

பிஸ்டன் கீழ்முனையைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். வேகமாக ஓடும் எஞ்சினில், குழாயில் பாய்ந்து வரும் காற்றுக்கு உந்தம் இருப்பதால், பிஸ்டன் எதிர்த்து ஏறினாலும் காற்று உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். ஆகவே தாமதமாக மூடுவது அங்கே ஆதாயம். மெதுவாக ஓடும்போது காற்றுக்கு அந்த உந்தம் இல்லை. ஏறும் பிஸ்டன் உள்ளே வந்ததையே கார்புரேட்டர் வழியாக வெளியே தள்ளிவிடும். என் எஞ்சினுக்கு இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் நீளம் ஏறத்தாழ 84 மி.மீ. பிஸ்டனின் கீழ்முனையைக் கடந்து கிராங்க் 50 டிகிரி சுழன்ற பிறகு வால்வு மூடுவதாக வைத்துக்கொண்டால், அதற்குள் பிஸ்டன் 7 மி.மீ. ஏறிவிட்டிருக்கும். 70 டிகிரியில் மூடினால் ஏறத்தாழ 14 மி.மீ. ஏறிவிட்டிருக்கும். கோணத்தில் 20 டிகிரி கூடினால், வீணாகும் ஸ்ட்ரோக் இரண்டு மடங்கு. காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதே கம்ப்ரஷன் விகிதம்; அளவேட்டில் 8.5 என்று போட்டிருக்கும் அது, வால்வு மூடிய பிறகு மிஞ்சும் ஸ்ட்ரோக்கை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், 50 டிகிரியில் மூடும் முதல் கேமில் 7.5 ஆகவும், 70இல் மூடும் இரண்டாவதில் 6.6 ஆகவும் குறைகிறது. குறைந்த வேகத்தில் எஞ்சின் சோம்பிக் கிடப்பதன் காரணத்தில் பாதி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பெரிய கேம் போடுகிறவர்கள் சிலிண்டர் ஹெட்டைச் சீவியோ மெல்லிய கேஸ்கெட் வைத்தோ கம்ப்ரஷனை ஏற்றுவதும் இதனால்தான். நான் அதைச் செய்யவில்லை என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இன்லெட் திறப்பது, எக்ஸாஸ்ட் திறப்பது, மூடுவது ஆகிய மற்ற மூன்று நிகழ்வுகளும் முக்கியமே, ஆனால் இவ்வளவு இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு சீக்கிரம் திறந்தால் எரிந்த வாயு வெளியேறப் போதிய நேரம் கிடைக்கும், கூடவே பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருந்த அழுத்தத்திலும் கொஞ்சம் வீணாகும். எக்ஸாஸ்ட் மூடுவதும் இன்லெட் திறப்பதும் ஒன்றன்மேல் ஒன்று படியும் அந்தச் சிறு இடைவேளையான ஓவர்லாப், சரியான நீளமுள்ள புகைக்குழாய் இருந்தால் உதவும். இல்லையென்றால் ஐடிலில் எஞ்சினைத் தடுமாற வைப்பதோடு அதன் பணி முடிந்துவிடும்.

இரண்டாவது கேமுக்கு வருகிறேன். மண் தடத்தில் எனக்குப் பக்கத்தில் கூடாரம் போடுபவர் அங்குலக் கணக்கில் 0.308 லிஃப்ட் உள்ள கேம் வைத்திருந்தார், அதாவது 7.8 மி.மீ. வால்வு திறந்திருக்கும் காலத்தைக் கிராங்கின் சுழற்சியில் சொல்லும் திறப்புக் கோணம், இந்தத் துறையின் வழக்கப்படி 0.050 அங்குல லிஃப்ட்டில், அதாவது 1.27 மி.மீட்டரில் அளந்தால், 245 டிகிரி. அவர் நேர்த்தடத்தில் என்னைக் கடந்து செல்லும் ஒலியே வேறாக இருந்தது. நானும் அதையே வாங்கினேன். ஆனால் எனக்குப் பிடித்தது தார்த் தடம் என்பதால் அதை அங்கே கொண்டுபோனேன்.

மேல்வேகத்தில் எஞ்சின் பாடியது. முன்பு மூச்சு வாங்கிய இடத்தையெல்லாம் தாண்டி நிமிடத்துக்கு 6,500 சுற்று வரை தயக்கமில்லாமல் ஏறியது. சுற்று நேரமோ, பழைய கேமைவிட ஒரு நொடிக்கு மேல் கூடியிருந்தது. ஸ்டியரிங்கில் பொருத்திய, எஞ்சின் வேகத்தைப் பதியும் டேட்டா லாக்கரை வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தபோது, கண்ணுக்கு முன்னாலேயே விடை கிடந்தது. மண் நீள்வட்டத்தில் ஒரு முழுச் சுற்றிலும் என் எஞ்சின் 5,300க்குக் கீழே இறங்குவதே இல்லை. 5,300க்கும் 6,300க்கும் இடையிலான ஆயிரம் சுற்று அகலத்துக்குள்ளேயே அது வாழ்கிறது. தார்த் தடத்திலோ, இரண்டு கொண்டை ஊசிகளில் 3,400 வரை விழுந்து, அங்கிருந்து மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. நான் வாங்கிய கேம் விழித்தெழுவது 4,500க்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை, எஞ்சின் தூக்கத்திலிருந்து எழும் வரை காத்திருந்திருக்கிறேன்.

அப்போதும் கேமைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மையவிலக்குக் கிளச்சின் ஸ்பிரிங்குகளை இறுக்கி, அது பிடிக்கும் வேகத்தை உயர்த்தினால், எஞ்சின் 4,000க்கு மேலேயே நின்றுகொள்ளும் என்று கணக்குப் போட்டேன். கணக்குச் சரிதான், ஆனால் கொண்டை ஊசியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் கிளச் நீண்ட நேரம் வழுக்கிச் சூடேறி, பதினோராவது சுற்றில் நீலம் பாரித்த டிரம்மோடும் கருகிய வாசனையோடும் நான் தடத்தின் ஓரத்தில் நின்றேன். ஒரு பாகத்தின் தவறான தேர்வை இன்னொரு பாகத்தின் உயிரைக் கொடுத்து மறைக்க முயன்றதற்குக் கிடைத்த கூலி அது.

லிஃப்ட்டைப் பற்றியும் அந்தச் சமயத்தில்தான் நிதானமாகக் கணக்குப் போட்டேன். வால்வு திறக்கும்போது அதன் விளிம்பைச் சுற்றி உருவாகும் வளைய இடைவெளியின் பரப்பு, விட்டத்தில் கால்பங்கு லிஃப்ட் வரும்போது வால்வின் தலைப்பரப்புக்குச் சமமாகிவிடும். என் இன்லெட் வால்வின் விட்டம் ஏறத்தாழ 25 மி.மீ.; எனவே 6.25 மி.மீட்டருக்கு மேல் எவ்வளவு உயர்த்தினாலும், தடுப்பாக நிற்பது காற்று வரும் வழியான போர்ட்டே தவிர வால்வு அல்ல. அப்படியானால் 7.8 மி.மீ. எதற்கு? அந்த உச்சத்தைத் தொடுவதால் பெரிய பயனில்லை; ஆனால் உச்சம் உயரமாக இருந்தால், 6 மி.மீட்டரை வால்வு சீக்கிரம் தாண்டி, தாமதமாகத் திரும்பும். திறப்புக் கோணத்தை நீட்டாமலேயே நன்கு திறந்திருக்கும் காலம் கூடும். குறைந்த கோணமும் மிதமான லிஃப்ட்டும் கொண்ட கேம் என்ற யோசனை எனக்கு வந்தது இந்தக் கணக்கிலிருந்துதான்.

அந்த வேகமான ஏற்றத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதை வகுப்பது டேப்பெட். தட்டையான டேப்பெட்டின் மேல் லோப் தொடும் புள்ளி நடுவில் நிற்பதில்லை. டேப்பெட் எவ்வளவு வேகமாக உயர்கிறதோ அவ்வளவு தூரம் அந்தப் புள்ளி விளிம்பை நோக்கி நகர்கிறது. கேமின் ஒரு டிகிரிக்கு 0.2 மி.மீ. வீதம் உயர்த்தினால், தொடுபுள்ளி மையத்திலிருந்து 11.5 மி.மீ. தள்ளிப் போய்விடும். ஆகவே டேப்பெட்டின் விட்டம் குறைந்தது 23 மி.மீ. இல்லையென்றால், லோப் தட்டின் பரப்பை விட்டு விளிம்பில் ஏறி, இரண்டையும் சீவத் தொடங்கும். வடிவியலில் இவ்வளவு அழகான உண்மை, வெறும் ஒரு பெருக்கலில் அடங்கிக் கிடப்பதை அறிந்த இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

வால்வைத் திரும்ப மூடும் ஸ்பிரிங் விஷயத்தைச் சொல்லாமல் கடக்க முடியாது. 3,600இலிருந்து 6,200க்கு ஏறும்போது வேகம் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் கூடுகிறது; ஆனால் வால்வையும் ராக்கரையும் புஷ் ராடையும் லோப்போடு ஒட்டி வைக்கத் தேவைப்படும் விசை, வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால், ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடுகிறது. குளோனோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் ஸ்டாக் ஸ்பிரிங் 10.8 பவுண்டு, அதாவது ஐந்து கிலோவுக்கும் குறைவு; மாற்று ஸ்பிரிங்குகளில் பரவலாகக் கிடைப்பவை 18, 22, 26 பவுண்டு. ஸ்பிரிங் போதாவிட்டால் வால்வு லோப்பை விட்டுப் பறந்து, தன் இஷ்டத்துக்கு வந்து அமரும். அப்போது கேமின் வடிவத்துக்கும் வால்வின் அசைவுக்கும் ஒரு தொடர்பும் இருக்காது. அதற்காகத் தேவைக்கு மேல் கனமான ஸ்பிரிங் போட்டால், புஷ் ராடு வளையும், லோப்பின் உச்சியான மூக்குத் தேயும், எஞ்சினின் சொற்ப சக்தியில் ஒரு பங்கும் உராய்வில் போகும்.

கவர்னரைக் கழற்றிவிட்டு இந்த வேகங்களுக்குப் போகிறவர்கள் கேமுக்கு முன்னால் வாங்க வேண்டியது, கிராங்கோடு சுழலும் கனச் சக்கரமான ஃபிளைவீல். வார்ப்பிரும்பில் செய்த ஸ்டாக் ஃபிளைவீல் 3,600 சுற்றுக்கு வடிவமைக்கப்பட்டது. அது சிதறினால் துண்டுகள் பறக்கும் இடத்துக்கு அருகில்தான் ஓட்டுநரின் முதுகு இருக்கிறது. அடர்கட்டியிலிருந்து கடைந்தெடுத்த பில்லட் ஃபிளைவீலும், அதேபோன்ற பில்லட் கனெக்டிங் ராடும் இல்லாமல் பெரிய கேம் வாங்குபவரைப் பார்த்தால் நான் வாய்விட்டே தடுப்பேன். ஸ்டாக் ராடு அலுமினியம். அதில் தனி பேரிங் கூடக் கிடையாது, உலோகம் நேரடியாகக் கிராங்கின்மேல் வழுக்கிச் சுழல்கிறது. எண்ணெய் வருவதும் ராடின் அடியிலுள்ள சிறு கரண்டி வாரி இறைப்பதால்தான்.

மூன்றாவது கேமின் கதை என் சிக்கனத்தின் கதை. புதிய கேம் வாங்குவதற்குப் பதில், ஸ்டாக் கேமையே வேறு வடிவத்துக்குத் தீட்டித் தருபவர்கள் உண்டு. லோப்பில் உலோகத்தைக் கூட்ட முடியாது. எனவே அடிவட்டத்தைச் சீவித் தாழ்த்துவார்கள். மூக்கின் உயரம் அப்படியே இருக்க, அடிவட்டத்தின் ஆரம் ஒரு மி.மீ. குறைந்தால், லிஃப்ட் ஒரு மி.மீ. கூடிவிடும். மேட்டை உயர்த்தாமல் பள்ளத்தை ஆழமாக்குகிற தந்திரம். டேப்பெட் அந்த ஒரு மி.மீ. தாழ்ந்து உட்காருவதால் புஷ் ராடு அதே அளவு நீளமாக வேண்டும். ராக்கரின் திருகை இறக்கியே சமாளித்தால், ராக்கரின் மூக்கு வால்வுத் தண்டின் நடுவில் தொடாமல் ஓரத்தில் தேய்த்து, அந்தத் தண்டைத் தாங்கும் கைடை நாளடைவில் முட்டை வடிவமாக்கிவிடும்.

என்னிடம் உபரியாக இருந்த ஒரு ஸ்டாக் கேமை, பெயர் சொல்ல விரும்பாத ஒருவருக்கு அஞ்சலில் அனுப்பினேன். இரண்டு வாரத்தில், பளபளவென்று, கையால் எழுதிய ஓர் அட்டையோடு திரும்பி வந்தது. இன்லெட் லோப்பின் உச்சம், பிஸ்டன் மேல்முனையைக் கடந்து 106 டிகிரியில் வரும் என்று அட்டை சொன்னது. எஞ்சினைத் தலைகீழாகச் சாய்த்து, டேப்பெட்டுகள் கழன்று விழாதபடி வைத்து, சைடு கவரைத் திறந்து, பற்சக்கரங்களின் புள்ளிகளை ஒன்றோடொன்று பொருத்தி மாட்டினேன். ஓட்டினேன். மேல்வேகமும் இல்லை, கீழ்வேகமும் இல்லை.

கோவை கணபதியில் என் தாய்மாமா நாற்பது ஆண்டுகள் ஆயில் எஞ்சின் பம்ப்செட் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இதைச் சொல்லிப் புலம்பினேன்.

“மாட்டறதுக்கு முன்னால அளந்து பாத்தியா கண்ணு?”

“இல்லீங்க மாமா. அட்டையில எழுதியிருந்துச்சு.”

“அட்டையில எழுதுனது எஞ்சினுக்கு எப்படிக் கண்ணு தெரியும்?”

பிறகு அவர் பேச்சை மாற்றி மழை பெய்ததா என்று கேட்டார்.

அன்று மாலையே டிகிரி வீல் ஒன்றை வரவழைக்கச் சொல்லிவிட்டேன். கிராங்கின் நுனியில் 360 டிகிரி குறித்த தகட்டை மாட்டி, ஒரு கம்பித் துண்டை வளைத்து முள்ளாக வைப்பதுதான் ஏற்பாடு. முதல் வேலை, பிஸ்டனின் உண்மையான மேல்முனையைக் கண்டுபிடிப்பது. அந்த இடத்தில் பிஸ்டன் பல டிகிரிகளுக்கு அசைவதே தெரியாது என்பதால், கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு தடுப்பைத் திருகி, கிராங்கை ஒரு பக்கம் திருப்பித் தடுப்பில் முட்டும் கோணத்தைக் குறித்து, மறுபக்கம் திருப்பி அதையும் குறித்து, இரண்டுக்கும் நடுவை மேல்முனை என்று கொள்ள வேண்டும். அடுத்து, இன்லெட் வால்வின் இடைவெளியைச் சுழியாக்கி, ஸ்பிரிங் தட்டின்மேல் டயல் கேஜின் முனையை வைத்து, வால்வு 1.27 மி.மீ. திறந்த கோணத்தையும், மூடும் வழியில் அதே 1.27க்கு வந்த கோணத்தையும் குறித்தேன். கிராங்கை எப்போதும் ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும். கடந்துபோய்விட்டால் பின்னோக்கித் திருப்பாமல் மறுபடி முழுச் சுற்று வர வேண்டும், இல்லையென்றால் பற்களின் இடைவெளி அளவைக் கெடுத்துவிடும். மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும், இரண்டு கோணங்களின் நடு, 112 டிகிரியில் வந்தது.

ஆறு டிகிரி பின்தங்கல். இன்லெட் திறப்பதும் ஆறு டிகிரி தாமதம், மூடுவதும் ஆறு டிகிரி தாமதம். கார் எஞ்சினாக இருந்தால் பற்சக்கரத்தைக் கேமின்மேல் சற்றே நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். என் கேமிலோ பற்சக்கரமும் தண்டும் ஒரே வார்ப்பு. ஒரு பல் தள்ளி மாட்டலாம் என்றால், ஒரு பல் என்பது இதைவிட மிகப் பெரிய பாய்ச்சல். கிராங்கின் பற்சக்கரத்தைச் சூடாக்கித் திருப்பி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை.

கோணம் மட்டும் தவறியிருந்தால் மன்னித்திருப்பேன். மூன்றாவது பந்தய நாளுக்குப் பிறகு எண்ணெயை வடித்தபோது, காந்தத்தில் கரிய சேறுபோல் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தது. கேமை எடுத்துப் பார்த்தால், இன்லெட் லோப்பின் மூக்கில் பளபளப்புப் போய் மங்கிய பட்டை. டேப்பெட்டின் முகத்தில் நகத்தால் உணரக்கூடிய குழிவு. லோப்பின் மேற்பரப்பில்தான் கடினமான தோல் இருக்கும். எந்தக் கேமிலும் அதன் ஆழம் அளவானது. தீட்டுகிறவர் அதைத் தாண்டிவிட்டால், கீழே இருப்பது மென்மையான இரும்பு. தீட்டிய கேம்களுக்குப் பாஸ்பேட் பூச்சுக் கொடுத்து, எண்ணெயைப் பிடித்து வைக்கும் கரும்பரப்பை உண்டாக்குவது நல்ல பட்டறைகளின் வழக்கம். என்னுடையது பளபளவென்று வந்தபோதே எனக்குச் சந்தேகம் எழுந்திருக்க வேண்டும். என் பங்குக்கும் தவறு உண்டு: பழைய டேப்பெட்டுகளையே புதிய லோப்போடு ஓடவிட்டேன். ஒரு லோப்போடு பழகிய டேப்பெட்டை இன்னொன்றோடு சேர்க்கக் கூடாது.

நான்காவது கேமை வாங்கும்போது, விற்பவரிடம் லிஃப்ட்டைப் பற்றி நான் கேட்கவே இல்லை. என் டேட்டா லாக்கர் வரைந்த வரைபடத்தை அனுப்பி, 3,400க்கும் 6,100க்கும் இடையில் என் எஞ்சின் எங்கே எவ்வளவு நேரம் கழிக்கிறது என்று காட்டினேன். அவர் தந்தது 0.265 அங்குலம், அதாவது 6.7 மி.மீ. லிஃப்ட், 1.27 மி.மீட்டரில் 224 டிகிரி. அட்டையில் 106 என்றிருந்தது. நான் அளந்தபோது 105 வந்தது. அந்த ஒரு டிகிரியைக் கேமின்மேல் போடுவதா, என் கம்பி முள்ளின்மேல் போடுவதா என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

மூடுவதற்குமுன் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். பிஸ்டனின் தலையில் குழந்தைகளின் களிமண்ணைச் சிறிது ஒட்டி, ஹெட்டை முறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றி, களிமண்ணில் வால்வு பதிந்த இடத்தைக் கத்தியால் வெட்டி அதன் தடிமனை அளக்கும் பழைய முறை அது. என் மகள் தன் பச்சைக் களிமண்ணைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தாள். ஸ்பிரிங் முழு லிஃப்ட்டில் சுருள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்பதையும், ஸ்பிரிங் தட்டு கைடில் இடிக்காமல் இருக்கிறதா என்பதையும் அதே இருப்பில் பார்த்து முடித்தேன். ஸ்பிரிங் 18 பவுண்டு. டேப்பெட்டுகள் புதியவை, லோப்பில் மாலிப்டினம் பசை, எண்ணெய் துத்தநாகம் கூடியது. முதல் இருபது நிமிடம் ஐடிலில் விடாமல், 2,000 சுற்றுக்கு மேல் ஏற்றி இறக்கி ஓடவிட்டேன். இறைத்து எண்ணெய் போடும் எஞ்சினில், மெதுவாக ஓடினால் லோப்புக்கு எண்ணெய் எட்டாது.

தார்த் தடத்தில், மேல்வேகம் இரண்டாவது கேமைவிட நானூறு சுற்றுக் குறைவு. நேர்த்தடத்தின் கடைசியில் எஞ்சினின் ஒலியில் அந்தப் பாட்டு இல்லை. பின் ஸ்புராக்கெட்டில் இரண்டு பல்லைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆனால் கொண்டை ஊசியிலிருந்து கார்ட் உடனே கிளம்புகிறது. கிளச்சும் பழைய ஸ்பிரிங்குகளோடு குளிர்ந்தே இருக்கிறது. சுற்று நேரம் ஸ்டாக் கேமைவிட எட்டில் ஒரு நொடி மட்டும் குறைந்து ஒரு மாதம் அப்படியே நின்றது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கியதும் அரை நொடி குறைந்தது.

இதெல்லாம் கேமைத் தொட அனுமதிக்கும் வகுப்புகளுக்கு மட்டும். ஸ்டாக் வகுப்பில் ஓடுகிறவர்களுக்கு, பந்தயம் முடிந்ததும் பரிசோதகர் இதே டிகிரி வீலையும் டயல் கேஜையும் கொண்டுவந்து, ஸ்பிரிங் தட்டின்மேல் வைத்து, பல லிஃப்ட்டுகளில் கோணத்தைச் சரிபார்ப்பார். நான் கராஜில் செய்ததை அவர் அந்நியக் கண்ணோடு செய்வார். பிரிக்ஸின் எல்.ஓ.206 எஞ்சினோ தொழிற்சாலையிலேயே முத்திரையிட்டு வருகிறது. அதன் வேகத்தை இக்னிஷனே 6,100 சுற்றில் நிறுத்திவிடும். கேமைத் தொட்டால் முத்திரை உடையும், எஞ்சின் வகுப்புக்கு ஆகாது. பணமும் நேரமும் குறைவாக இருப்பவர்களுக்கும், ஓட்டுவதில் மட்டும் ஆசை உள்ளவர்களுக்கும் நான் அதையே பரிந்துரைப்பேன். ஓட்டுவதைவிடக் கழற்றிப் பார்ப்பதில் இன்பம் காண்கிறவர்களுக்குக் குளோன்.

போன வாரம் ஹெட்டின் மூடியைத் திறந்து இடைவெளியைப் பார்த்தேன். ஹோண்டாவின் கணக்கு இன்லெட்டுக்கு 0.15, எக்ஸாஸ்ட்டுக்கு 0.20 மி.மீ.; இந்தக் கேமின் அட்டை வேறு எண்களைச் சொல்கிறது, நான் அட்டையைப் பின்பற்றுகிறேன். ஐந்து பந்தய நாட்களில் இன்லெட் 0.02 மாறியிருந்தது, எக்ஸாஸ்ட் அப்படியே இருந்தது. காந்தத்தில் துகள் இல்லை.

மண் தடத்துக் கூடார நண்பர் அடுத்த மாதம் ஓர் இரவுப் பந்தயத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். அலமாரியிலுள்ள இரண்டாவது கேமை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அதன் டேப்பெட்டுகளை இன்லெட், எக்ஸாஸ்ட் என்று எழுதிய தனித்தனி உறைகளில் போட்டு வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. 26 பவுண்டு ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. சைடு கவர் கேஸ்கெட் ஒன்று மட்டும் வாங்க வேண்டும்.